மெரினாவில் யாரைக் கேட்டார்கள்?

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, வாசிப்புக்காகச் சற்றே திருத்தியது)

போன பகுதியில் தாமிரபரணிக் கால்வாய்களைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு சென்னையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார்: "ஆறு, மடை, குளம் என்று ஆழ்வார்குறிச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களே, கடற்கரைப் பக்கம் எப்போது வருவீர்கள்?" நியாயமான கேள்விதான். எங்க ஊர்க் கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போய்விடுகிறது. நாமும் இன்னைக்குக் கடலுக்குப் போகலாம். ஆனால் புன்னைக்காயலுக்கு இல்லை, மெரினாவுக்கு.

காரணம் இருக்கிறது. "இந்த இடம் சீர்கெட்டுக் கிடக்கிறது. இதை அழகுபடுத்தப் போகிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்." இந்த மூன்று வாக்கியங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேருந்து நிலையத்துக்கும் சொல்வார்கள், சந்தைக்கும் சொல்வார்கள், ஆற்றுப் படித்துறைக்கும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இந்த மூன்று வாக்கியங்களுக்காக மனிதர்கள் செத்தே போன இடம் மெரினா. அங்கே மூன்றாவது வாக்கியம் எப்போது வந்தது, யாரிடம் வந்தது, யாரிடம் வரவே இல்லை என்பதுதான் இன்றைய கதை.

முதலில் ஒரு சின்ன சுற்று. நம்ம பக்கத்து ஊர் வழியாகவே போய்விடலாம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் மானூர் என்று ஒரு ஊர். பெரிய குளம் இருக்கும், பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே கோயிலில் ஒரு கல்வெட்டு. மாறஞ்சடையன் என்ற பாண்டிய மன்னன் காலத்தது, ஏறக்குறைய 1,200 ஆண்டு பழசு. ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று சபையாரே கூடித் தங்களுக்கு விதி வகுத்துக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. உத்திரமேரூர் குடவோலை பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மானூர் அதற்கும் நூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. ஆனால் பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது உத்திரமேரூருக்கு. நெல்லைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது கிடக்கட்டும்.

அந்த விதிகளில் ஒன்று சுவாரசியமானது. சபைக்கு எந்தக் காரியம் வந்தாலும் "அன்று, அன்று" என்று, அதாவது "கூடாது, கூடாது" என்று மறித்துக்கொண்டே இருக்கிறவனுக்கு ஐந்து காசு தண்டம். அவனுக்குத் துணை போகிறவனுக்கும் ஐந்து காசு. சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்க. தண்டம் போட வேண்டிய அளவுக்கு "கூடாது" என்று சொல்லும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய "கூடாது" காரியத்தை நிறுத்தும் பலமும் பெற்றிருந்தது. பலம் இல்லாத சொல்லுக்கு யார் அபராதம் போடுவார்கள்?

அதே கல்வெட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபையில் பேச நிலப்பங்கு வேண்டும். பங்கு மட்டும் இருந்தால் போதாது, வேதமும் தர்மமும் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. அந்த நிலத்தில் உழுதவர்களுக்கும் மடையைத் திறந்து மூடியவர்களுக்கும் குளத்தில் மீன் பிடித்தவர்களுக்கும் அங்கே வாய் கிடையாது. அவர்கள் "கூடாது" என்று சொன்னால் ஐந்து காசு தண்டம்கூட இல்லை, ஏனென்றால் அவர்கள் சொன்னது சொல்லாகவே கணக்கில் வராது. ஆக, இரண்டு கேள்வி. யார் பேசலாம்? பேசினால் எதுவாவது நிற்குமா? இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு மெரினாவுக்குப் போவோம்.

இன்றைக்கு நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிற, நடந்தாலும் கடல் வந்து சேராத அந்த மணல் பரப்பு இயற்கை அப்படியே தந்ததில்லை. 150 ஆண்டுக்கு முன்னால் அலை இப்போதைய சாலைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. 1870களின் பாதியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். கடலுக்குள் நீட்டிய சுவர் அந்த மணலைத் தடுத்து நிறுத்தியது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அங்கே இன்றைக்கும் கல்லைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தென்சென்னைக்கு ஒரு கடற்கரை கிடைத்ததற்கு வடசென்னைக் குப்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன. அன்றைக்கு இரண்டு பக்கத்தில் யாரையும் யாரும் கேட்கவில்லை. காலனி அரசிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இந்த மணலின் ஓரமாக நடைபாதை போட்டு, அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். சிசிலித் தீவில் பலெர்மோ நகரத்துக் கடற்கரை அவர் நினைவுக்கு வந்ததாம். ஒரு ஆளுநரின் சுற்றுலா நினைவு நமக்கு ஊர்ப்பெயராகிவிட்டது. ஆனால் அந்தக் கரையில் குப்பங்கள் ஏற்கெனவே இருந்தன. அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், மாட்டாங்குப்பம், நொச்சிக்குப்பம். அவர்களுக்கு அது மெரினா இல்லை, கரை. அவ்வளவுதான்.

கரை என்றால் என்ன என்று வயல்காட்டு ஆளான நான் ஒரு உவமை சொல்கிறேன். எங்க பக்கம் அறுவடை முடிந்ததும் களம் வேண்டும். நெல்லடிக்க, தூற்ற, காயப்போட. மற்ற மாதங்களில் அந்தக் களத்தைப் பார்க்கிற வெளியூர்க்காரர் "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே" என்பார். மீனவருக்குக் கரைதான் களம். கட்டுமரம் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் கனத்துவிடும், கரையேற்றிக் கட்டை பிரித்துக் காயவைக்க வேண்டும். வலை விரிக்க, ஓட்டை பார்க்க, பின்ன இடம் வேண்டும். கரைவலை இழுக்க வேண்டும் என்றால் இரண்டு வரிசையில் ஆட்கள் நின்று பின்னோக்கி நடக்கிற அளவுக்கு வெற்று மணல் வேண்டும். வந்த மீனை ஏலம் விடவும் மிஞ்சியதைக் கருவாடாக்கவும் பெண்களுக்கு இடம் வேண்டும். இவ்வளவும் நடக்கிற இடத்தைக் காலை நடைக்கு வருகிறவர் பார்த்தால் நாற்றம், கயிறு, கட்டை, குப்பை. "சீர்கெட்டுக் கிடக்கிறது" என்ற முதல் வாக்கியம் அங்கேயே பிறந்துவிடுகிறது. அது வெறும் வர்ணனை மாதிரித்தான் தோன்றும். ஆனால் அதை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த இரண்டு வாக்கியங்களும் தானாக வந்துவிடும். என்னைக் கேட்டால் எந்தக் கருத்துக்கேட்பிலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: சீர்கெட்டது என்று சொன்னது யாருடைய கண்?

சரி, 1985.

எம்.ஜி.ஆர். முதலமைச்சர். மீனவ நண்பனாகவும் படகோட்டியாகவும் திரையில் வந்தவர், கடலோரக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு அவர் படம் இருந்த காலம். அவருடைய அரசு மெரினாவை அழகுபடுத்த முடிவெடுத்தது. கட்டுமரமும் வலையும் பார்வைக்கு இடைஞ்சல், அவை அங்கிருந்து போக வேண்டும் என்றது. மீனவர்கள் மறுத்தார்கள். நவம்பரில் அதிகாரிகளும் போலீசும் இறங்கிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றினார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம், கையில் காசு புரள்வதே கஷ்டம். ஒரு சம்சாரியின் மாட்டையும் ஏரையும் நடவு நேரத்தில் ஓட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? போராட்டம் வளர்ந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஐந்து மீனவர்கள் இறந்தார்கள். மெரினாக் குப்பங்களில் டிசம்பர் 4 இன்னும் மறக்கப்படாத நாள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு தேதி இருக்கிறது. அதே 1985, ஜூலை 10. உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொல்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள். பிழைப்பு இல்லாமல் உயிர்வாழ்வு இல்லை, ஆகவே உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும், ஒருவரை அப்புறப்படுத்துவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது தீர்ப்பு. பிறகு அப்புறப்படுத்த அனுமதியும் கொடுத்தது, அது வேறு சோகம். ஆனாலும் "முன்னால் கேள்" என்ற சொல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்திலிருந்து வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மெரினாவில் கேட்கவில்லை.

அப்புறம் என்ன ஆனது? கட்டுமரங்கள் அதே மணலுக்குத் திரும்பின. மீனவர் கரையை விட்டுப் போகவில்லை. ஐந்து உயிர் போன பிறகு அரசு புரிந்துகொண்டதை ஒரு கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால் நவம்பரிலேயே புரிந்துகொண்டிருக்கலாம். இதை நான் ரொம்ப எளிமைப்படுத்துகிறேன் என்று சிலர் சொல்லலாம். ஆனால் குப்பத்துப் பஞ்சாயத்தார் அன்றைக்குச் சொன்னதும் பின்னால் சொன்னதும் ஒன்றேதான்: கரை எங்களுக்கு வேண்டும்.

கேட்க வேண்டும் என்ற சட்டம் அப்போது இருந்ததா என்று கேட்பீர்கள். கரையைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, கரையில் இருப்பவரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது சாரம். 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்ற நடைமுறை வந்தது 1997 ஏப்ரலில்தான். இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் அறிவிக்கையின்படியான வடிவம்.

அது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்க ஊருக்கும் ஒருநாள் வரலாம். நாளிதழில் விளம்பரம் வரும், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அதிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ அவர் சார்பில் மூத்த அதிகாரியோ தலைமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு. திட்டம் நடக்கிற இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ நடத்த வேண்டும். முழுக்கப் படம்பிடிக்க வேண்டும். முடிவில் யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பை அங்கேயே மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. முக்கியமாக, ஓட்டெடுப்பு கிடையாது. ஆயிரம் பேர் "கூடாது" என்றாலும் அது ஆயிரம் கருத்து, ஒரு முடிவு ஆகாது. முடிவு வேறு மேசையில். மானூரில் "கூடாது" சொன்னால் காரியம் நின்றது, அதனால் அபராதம் போட்டார்கள். இங்கே யாரும் அபராதம் போடுவதில்லை. எழுதிக்கொள்கிறார்கள்.

1969-ல் அமெரிக்காவில் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அம்மையார் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களை ஏய்ப்பது, மேல்படியில் மக்களே முடிவெடுப்பது. கலந்தாலோசனை என்பது அதில் கீழிருந்து நான்காவது படி. கேட்பார்கள், ஆனால் கேட்டபடி செய்வார்கள் என்பதற்கு உறுதி இல்லாத படி. நம் கருத்துக்கேட்பு அந்தப் படியில் நிற்கிறது, சில நாள் அதற்கும் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு பெரியவர் இதையே ஏணி இல்லாமல் சொல்வார்: "எல்லாத்தையும் முடிவு பண்ணிப்போட்டு இப்ப வந்து என்னத்தக் கேக்காவ?" இன்னொரு விஷயம், ஆழ்வார்குறிச்சி பேரூராட்சி. ஊராட்சிகளில் நடக்கிற கிராம சபை எங்களுக்குக் கிடையாது. ஆண்டுக்கு ஆறு நாள் பக்கத்துக் கிராமத்தில் கூடிப் பேசுவதை நாங்கள் செய்தியில் படித்துக்கொள்வோம்.

2007 ஜூனில் கூடங்குளம் அணு உலை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்பு நடந்த இடம் நெல்லை ஆட்சியர் அலுவலகம். கூடங்குளம், இடிந்தகரை மக்கள் நெடுந்தூரம் பேருந்தில் வந்து தங்கள் கடலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. எதிர்ப்பவர், ஆதரிப்பவர் என்ற பிரிவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருநாள் தொழிலை விட்டு, பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, அவ்வளவு தூரம் வர முடிந்தவர் மட்டுமே பேச முடியும் என்றால் நிலப்பங்கு விதிக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்? மொழி இன்னொரு வேலி. தமிழில் கிடைப்பது சுருக்கம். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில். 2020-ல் இந்த அறிவிக்கையையே மாற்றி எழுத மத்திய அரசு வரைவு வெளியிட்டபோது அந்த வரைவே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. மற்ற மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

மெரினாவுக்குத் திரும்புவோம். 2003-ல் இரண்டு சம்பவங்கள். ஜெயலலிதா அரசு 1914-ல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியை இடித்துப் புதிய தலைமைச் செயலகம் கட்ட முடிவு செய்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்தார்கள், வழக்கும் போனது, கல்லூரி தப்பியது. அதே ஆண்டு மலேசிய அமைப்பு ஒன்றுடன் சென்னைக் கடற்கரையைப் பெரிய அளவில் மாற்றியமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப்பட்டது. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள், அதுவும் கைவிடப்பட்டது. இரண்டிலும் முன்கூட்டியே கேட்கவில்லை, இரண்டும் தெருவில்தான் நின்றன. ஆட்சி எந்தக் கட்சி என்பதில் இந்தக் கதைக்குப் பெரிய அக்கறை இல்லை என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். எல்லாக் கட்சிக்கும் மெரினா மீது ஒரு கண்.

பிறகு 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை. அதைப் பற்றித் தனியே ஒரு பகுதி பேச வேண்டும், இப்போது ஒரே ஒரு தாள். 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள் விரும்பினால் உள்ளே தள்ளிப் புதுவீடு பெறலாம், பெற்றால் பழைய இடத்தை விட்டுவிட வேண்டும். போக விருப்பம் இல்லாதவர் பழைய வீட்டைத் தாமே பழுதுபார்த்துக்கொண்டு இருக்கலாம், அரசின் புதுவீட்டு உதவி கிடையாது. இதில் கட்டாயம் எங்கேயும் இல்லை பாருங்க, "விருப்பம்" என்றுதான் எழுதியிருக்கிறது. பிணங்களை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆன ஒரு மனிதரிடம் வீடா கரையா என்று கேட்பதும் ஒருவகைக் கருத்துக்கேட்புதான். அந்த நேரத்தில் அவர் சொல்லும் பதில் அவர் பேரப்பிள்ளைக்கும் சேர்த்து எழுதப்பட்டுவிடும்.

இப்போது 2023. நான் இந்தப் பகுதியைப் பேச நினைத்ததே இந்த ஆண்டில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான்.

முதலாவது, ஜனவரி 31. சேப்பாக்கம் கலைவாணர் அரங்கம். மறைந்த முதல்வர் கருணாநிதிக்கு மெரினாக் கடலுக்குள் பேனா வடிவில் நினைவுச் சின்னம், செலவு சுமார் 81 கோடி ரூபாய், உயரம் 42 மீட்டர் என்பது திட்டம். கடலுக்குள் கட்டுவதால் கடலோர ஒழுங்குமுறைச் சட்டப்படி கருத்துக்கேட்பு நடத்தியாக வேண்டும், நடத்தினார்கள். கட்சிக்காரர்கள் வந்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள், மேடையில் கூச்சல், கீழே அதைவிடக் கூச்சல். அன்றைக்கு இரவு தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது யார் பேனாவை உடைப்பேன் என்றார் என்பதுதான். இடையிடையே மீனவர்கள் எழுந்து அந்த இடத்துக் கடலடி எப்படி, எந்த மீன் எந்தப் பருவத்தில் அங்கே படும், படகு எந்த வழியாகப் போகும் என்று சொன்னார்கள். அரங்கில் அந்த விவரம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் கூச்சலுக்குத்தான் தலைப்புச் செய்தி கிடைத்தது. சில மாதத்தில் மத்திய அரசின் அனுமதி நிபந்தனைகளோடு வந்தது.

இரண்டாவது, ஏப்ரல். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் போகிற லூப் சாலை. நொச்சிக்குப்பத்து வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் போகிற சாலை அது. அதன் ஓரம் மீன் விற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற ஆரம்பித்தது. மீனவர்கள் படகையும் வலையையும் சாலையில் போட்டு மறித்து நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். சாலைக்குள் கடை வந்ததா, கடைக்குள் சாலை வந்ததா என்பது அவர்கள் கேள்வி. நியாயமாகத்தான் படுகிறது எனக்கு. அவர்களுடைய பாட்டிகள் அங்கே மீன் விற்றபோது அந்தச் சாலை கிடையாது. நெரிசலில் மாட்டிக்கொள்கிறவரின் அவதியும் பொய்யில்லை, ஆம்புலன்ஸ் போக வேண்டும், பள்ளிக்கூட வேன் போக வேண்டும். அதைத் தீர்க்கத்தான் எதிரும் புதிருமாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்கிறோம்.

ஆனால் இந்த இரண்டாவது விஷயத்துக்குக் கருத்துக்கேட்பு தேவைப்படவில்லை. சட்டப்படி தேவையே இல்லை. கடலுக்குள் ஒரு தூண் எழுப்ப 30 நாள் அறிவிப்பு, படப்பிடிப்பு, நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் வேண்டும். ஒரு அம்மாவின் மீன்பலகையைத் தூக்க ஒரு லாரி போதும். அவளுடைய அன்றாடப் பிழைப்பு "திட்டம்" என்ற சொல்லுக்குள் வராது, அது "ஆக்கிரமிப்பு" என்ற சொல்லுக்குள் வரும். 1997-க்குப் பிறகு நாம் கேட்கக் கற்றுக்கொண்டோம் என்று பெருமைப்படலாம்தான், ஆனால் எதற்குக் கேட்பது என்ற பட்டியலை எழுதும்போது அவளைக் கேட்கவில்லை.

சாலையில் உட்கார்ந்ததால் பலன் இல்லாமல் போகவில்லை. நீதிமன்றம் உடனடி அகற்றத்தை விட்டு ஒழுங்குபடுத்துவதற்கு வந்தது. மாநகராட்சி கட்டிய புது மீன் சந்தை 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் திறக்கப்பட்டது. கூரை, தண்ணீர், கழிவுநீர் வழி எல்லாம் உண்டு. 1985-ல் கட்டுமரத்தை எங்கே கொண்டுபோவது என்று கேட்டவனுக்குக் குண்டு கிடைத்தது, 2023-ல் மீன்பலகையை எங்கே வைப்பது என்று கேட்டவளுக்குக் கட்டடம் கிடைத்தது. முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தடவையும் முதலில் அகற்றல், அப்புறம் மறியல், அதற்கப்புறம் பேச்சு. வரிசை மாறவில்லை.

அதே 2023 ஆகஸ்டில் இன்னொரு காரியம் கிட்டத்தட்டச் சத்தமில்லாமல் நடந்தது. 2019 கடலோர அறிவிக்கையின்படி தமிழ்நாட்டுக் கரை முழுவதற்கும் மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் தயாரித்து, மாவட்டந்தோறும் கருத்துக்கேட்பு அறிவித்தார்கள். கட்சிக் கூச்சல் இல்லை, தொலைக்காட்சி வண்டிகள் இல்லை. மீனவர் அமைப்புகள் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன குறை இதுதான்: ஊர்கள் சரியாகக் குறிக்கப்படவில்லை, படகு நிறுத்துமிடம், வலை காயவைக்குமிடம், ஏலக்களம் போன்ற பொது இடங்கள் விடுபட்டிருக்கின்றன. அவற்றைக் குறிக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது.

என் கணக்கில் பேனாவைவிட இது பெரிய விஷயம். வரைபடத்தில் வலைக்களம் என்று எழுதியிருந்தால் நாளைக்கு அங்கே பூங்கா போட வருகிறவர் முதலில் அந்த எழுத்தை அழிக்க வேண்டும், அழிக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டால் அது வெறும் மணல். வெறும் மணலைச் சீர்கெட்டது என்று சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. புன்னைக்காயல், மணப்பாடு, உவரி, கூத்தங்குழி என்று நம் பக்கத்துக் கரை ஊர்க்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வரைபடத்தைத் தேடி எடுத்து உங்க ஊர்த் தாளைப் பாருங்க. உங்க வலை காயும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்க. ஒன்றும் எழுதாமல் இருந்தால் அதையும் எழுதுங்க.

அடுத்த பகுதியில் மறுபடி ஆற்றுக்கு.